கோரை களைந்த உலகாயியார்

பொருநைக் கரையில் நறுமலர்க்குடி என்றோர் ஊர். அவ்வூர்க் கொந்தார்குழலியம்மை கோயிலின் நந்தவனத்தைக் கூட்டிப் பெருக்கி, நீர் இறைத்து, விடியுமுன் பூக்கொய்து சன்னிதி வாசலில் வைப்பதே உலகாயியாரின் திருப்பணி. அங்கே ஒரு கணம் கைகூப்பி நிற்பார். வேண்டுதல் ஒன்றும் இராது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்.

அந்தத் தோட்டத்தை வைத்தவர் அவருடைய கணவர் வேலாண்டியார். அவர் பாத்தி கட்ட, இவர் நீர் ஊற்ற, அப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. பிச்சி பூக்கும் காலத்தில் தேரடி வரைக்கும் மணக்கும். "போதும் உலகாயி, அம்பாள் முகமே தெரியல!" என்று பட்டர் சிரித்துக்கொண்டே கூடையைத் திருப்பித் தந்த காலைகளும் உண்டு.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. வேலாண்டியார் இடுப்பளவு நீரில் நின்று மண்மூட்டை அடுக்கினார். அந்த ஈரம் காய்ச்சலாகி அவரைக் கொண்டுபோயிற்று. நந்தவனத்தை வண்டல் மூடிக்கிடந்தது.

சில நாளில் அந்த வண்டலில் பச்சை தெரிந்தபோது, செடிதான் பிழைத்துவிட்டது என்று உலகாயியார் மகிழ்ந்துபோனார். குனிந்து பார்த்தார். கோரை! மேலே பிடுங்கினால் புல் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். நூல்போல் ஓடும் வேர் அடுத்த கிழங்கில் முடியும், அது அதற்கடுத்ததில். தோண்டத் தோண்ட முளைத்தது. நந்தியாவட்டை பட்டது, அரளி மஞ்சளித்தது. வேலாண்டியார் வைத்த பிச்சிக்கொடி ஒன்று மட்டும் மதிலோரம் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"உலகாயி கோரை வெள்ளாமைல்லா போட்டிருக்கா! அறுப்பு எப்பளா?" என்று குளிக்கப் போகும் பெண்கள் கேலி பேசினார்கள். அம்மையாரும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். ஒவ்வொரு கிழங்குக்கும் அம்மையின் பேர் ஒரு தடவை.

கோயில் மணியக்காரர் செண்பகராமருக்குப் பொறுமை தீர்ந்தது.

"உப்பைக் கொட்டித் தரையைக் கொன்னாத்தான் இது அடங்கும். மேலே ஒரு மண்டபம் கட்டிருவோம். பூவை வெளியூர்ல வாங்கிக்கிடலாம். ஆடி பிறக்கட்டும், ஆளைவிட்டுக் கொட்டச் சொல்லுதேன்."

"உப்பு போட்டா பிச்சியும்லா செத்துப்போகும், ஐயா?"

"எத்தனை நாளைக்குத்தான் இதோட மல்லுக்கட்டுவே?"

"முளைக்கது அதுக்கு வேலை, பிடுங்குதது எனக்கு வேலை. ரெண்டு பேரையும் படைச்சவ அவதானே!"

ஆனி சாரல் பிடித்தது. சுத்தம் செய்த பாத்தியெல்லாம் ஒரு வாரத்தில் பழையபடி கோரையாயிற்று. அன்றுதான் அம்மையார் வரப்பில் உட்கார்ந்து அழுதார். கணவர் இறந்த நாளில்கூட அவர் அப்படி அழுததில்லை.

"ஆச்சி, கூட ஆள் வேணுமா?"

வேலிப்படலருகே களைக்கொத்தோடு ஒரு பெண் நின்றாள். அயலூர்க்காரிபோல் இருந்தாள்.

"கூலி குடுக்க வழியில்லையே, தாயி."

"அதை அப்புறம் பேசிக்கிடலாம்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் மதிலோரமிருந்து களைந்து வந்தார்கள். துணைக்கு ஒருத்தி வந்ததும் அம்மையாருக்குப் பழைய பேச்செல்லாம் ஊறிவந்தது. கிணறு வெட்டியது, முதல் பூ பூத்தது, அதை இருவரும் பறிக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"கொடிக்குத் தண்ணி ஊத்தையில, 'குடி தாயி, வயிறாரக் குடி'ம்பாரே!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அம்மையாரின் கை நின்றது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீடு பக்கத்துலதான் ஆச்சி. காதுல விழும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் மணி அடித்தது. அம்மையார் நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை. பாத்தி முழுக்கக் கருகருவென்று வெறும் மண் தெரிந்தது.

மறுநாள் விடியலில் நடை திறந்த பட்டர் அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

"நேத்து நான்தானே பூட்டினேன்! அம்பாள் கையெல்லாம் சேறு! பட்டு மடிப்பில கோரைக்கிழங்கு!"

ஊர் கூடியது. மணியக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். கூட்டத்தை விலக்கி உலகாயியார் வந்தார். தீப ஒளியில் அந்தச் சேற்றுக் கைகளைக் கண்டார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ள, அவர் மட்டும் பதறினார்:

"ஐயோ, கை வலிச்சிருக்குமே, என் தாயி!"

உப்புப் பேச்சு அன்றோடு ஓய்ந்தது. கோரை ஓயவில்லை, ஒவ்வொரு மழைக்கும் தலைகாட்டியது. அம்மையாரும் தம் கடைசி நாள்வரை குனிந்து களைந்தபடியே இருந்து, அம்மையின் திருவடி சேர்ந்தார். தெய்வத்தின் கைவலிக்கு இரங்கிய அந்தத் தாய்மனத்தை நினைப்பவர் நெஞ்சும் ஒரு பிடி களை நீங்கி நிற்கும்.