நல்ல தண்ணீர் டிரம்

“டீச்சர், இந்த மீனும் போயிரும் போலிருக்கு. நான் என்ன பாவம் செஞ்சேன்னே தெரியல.”

குற்றாலலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

தூத்துக்குடியில் கடல் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்கும் ஜெசிந்தாதான் டீச்சர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. குற்றாலலிங்கத்தைவிட வயதிலும் இளையவர். ஆனால் அவர் வீட்டுத் தொட்டியில் பவளமே வளர்கிறது. சிஷ்யர்கள் தேடி வருவதற்கு அது போதாதா?

“தண்ணி எங்க எடுக்கீங்க அண்ணாச்சி?”

“கடல்லதான். வண்டியில போய்க் கேன்ல புடிச்சிட்டு வருவேன்.”

“கரையோரத் தண்ணில படகு டீசலும் கெடக்கும், ஊர்ச் சாக்கடையும் கெடக்கும்.”

“அப்ப என்ன செய்ய?”

“தண்ணிய நீங்களே செய்யுங்க. ரெண்டு டிரம் வாங்குங்க. ஒண்ணுல ஃபில்டர் பண்ணுன நல்ல தண்ணி. அந்தத் தண்ணிய அடுத்த டிரம்முல விட்டு, மீனுக்குன்னு விக்கிற உப்பக் கலந்து, மோட்டார் போட்டுச் சுத்த விடுங்க. ரெண்டு டிரம்முக்கும் அடியில தனித்தனியா ஒரு குழாய் வைங்க.”

“ரெண்டுக்குமா? உப்புத் தண்ணிக்குக் குழாய் வேணும், சரி. நல்ல தண்ணிக்கு எதுக்கு?”

“வைங்க,” என்றார் ஜெசிந்தா.

அவ்வளவுதான் உபதேசம். குற்றாலலிங்கம் திரும்பிப் போனார்.

*

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குற்றாலலிங்கம் உப்பளக்காரர். அவருடைய அளத்தில் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அப்படிப்பட்டவர் பாக்கெட் உப்பை வண்டியில் வைத்துக்கொண்டு வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

“அண்ணாச்சி அளத்துல உப்பு தீந்து போச்சோ?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

மீனுக்கு வெறும் உப்பு போதாது, கடலில் இருக்கிற மற்ற சத்துகளும் வேண்டும் என்று அவர் விளக்கப் போனார். கேலி இன்னும் கொஞ்சம் கூடியதுதான் மிச்சம்.

அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மீன் அவருடையது அல்ல, மகள் கோமதியுடையது.

மனைவி காலமான பிறகு அவருக்கென்று இருப்பது கோமதி ஒருத்திதான். அவளோ கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். பெற்ற அப்பாவுக்கு விஷயம் மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்தது. போன இடத்திலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“என் மீனை மட்டும் பாத்துக்கோங்கப்பா.”

ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். அதில் ஒன்று செத்துப்போனது. மிச்சமிருக்கிற ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் குற்றாலலிங்கம் தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போடுகிறார். இதுவும் போய்விட்டால் எதைச் சாக்காக வைத்து அவளைக் கூப்பிடுவது? அவருடைய பயமெல்லாம் அதுதான்.

ஆகவே உயிரைக் கொடுத்துக் கட்டினார். சமையலறைக்குப் பின்னால் சிமெண்டுத் திட்டு. அதன்மேல் இரண்டு நீல டிரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பி.வி.சி. பைப், வால்வு, சின்ன மோட்டார்.

முதல் தடவை உப்பைக் கொட்டியதும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அவர் பயந்து போனார். மோட்டார் விடிய விடியச் சுற்றியது. காலையில் எட்டிப் பார்த்தால் டிரம்மின் அடிவரைக்கும் தெளிந்து கிடந்தது. அந்த மனுஷர் டிரம்மைத் தட்டிக் கொடுத்தார்.

நல்ல தண்ணீர் டிரம்மின் குழாயை மட்டும் மூடி போட்டு இறுக்கி அடைத்துவிட்டார். கடல் மீனுக்கு நல்ல தண்ணீர் எதற்கு? வீட்டு வேலைக்கு வருகிற அம்மா தெரியாமல் அதைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றிவிட்டால் என்ன ஆவது?

*

“நீங்க சொன்னபடியே கட்டிட்டேன் டீச்சர். எம்புட்டு நாளாச்சு! மீன் இன்னும் மூலையிலயே நிக்குது. இரை எடுக்க மாட்டேங்குது.”

ஜெசிந்தா வீட்டுக்கே வந்தார். டிரம் இரண்டையும் சுற்றிப் பார்த்தார். அடைத்திருந்த குழாயையும் பார்த்தார். கூடத்துக்கு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். மீன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“டிரம் தண்ணிய நான் அளந்துதான் ஊத்துதேன்,” என்றார் குற்றாலலிங்கம். “கடல்ல என்ன உப்போ அதே உப்பு. அச்சுப் பிசகாது.”

“தொட்டித் தண்ணிய அளந்தீங்களா?”

“டிரம்ல உள்ளதுதான டீச்சர் தொட்டியிலயும் இருக்கு?”

சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோமதிக்குப் போன் போடுகிற நேரம். ஜெசிந்தாவிடம் கண்ணாலேயே ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு போட்டார்.

“அப்படியேதாம்மா இருக்கு. டீச்சர் வந்து பாத்துக்கிட்டிருக்காங்க... சரி, அழாத... ம்... மாப்ளைக்கு வேல எப்படி?... ம். இருந்தாலும் கோமதி, நீ அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?”

கோமதி போனை வைத்துவிட்டாள்.

“தினமும் இதச் சொல்வீங்களா அண்ணாச்சி?”

“சொல்லாம? அவளுக்கு மறந்துரக் கூடாதுல்லா.”

ஜெசிந்தா குனிந்து, தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்காகக் குற்றாலலிங்கம் வரைந்து வைத்திருந்த கோட்டைத் தொட்டார். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கி நின்றது.

“இந்த ரெண்டு விரக்கடைத் தண்ணி எங்க போச்சு?”

“காத்துக்கும் சூட்டுக்கும் வத்திருது டீச்சர். தெனமும் இப்படித்தான். நானும் தெனமும் டிரம்முலருந்து உப்புத் தண்ணி புடிச்சுக் கோடு வரைக்கும் ஊத்திருவேன். ஒரு நாள் தவறுனதில்ல.”

“தண்ணி வத்திருது. சரி. அதுல இருந்த உப்பு?”

குற்றாலலிங்கம் சிரித்தே விட்டார். உப்பளக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது?

“உப்பு எங்க டீச்சர் போவும்? பாத்தியில தண்ணியக் கட்டுனா, வெயிலு தண்ணியத்தான் கொண்டுட்டுப் போவும். உப்பு அங்ஙனயே கெடக்கும். மேல மேல உப்புத் தண்ணியப் பாய்ச்சிக்கிட்டே இருந்தோம்னா...”

பேச்சு நின்றது.

தொட்டியைப் பார்த்தார். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைத் தினமும் ஈரத் துணியால் துடைத்து எடுத்தவர் அவரேதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“அடப்பாவி,” என்றார். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். “வீட்டுக்குள்ளயே பாத்தி கட்டி வச்சிருக்கனே.”

ஜெசிந்தா பின்பக்கம் போய், நல்ல தண்ணீர்க் குழாயின் மூடியைத் திருகி எடுத்தார். குற்றாலலிங்கம் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“வாளி வேண்டாம். ஒரேயடியா மாத்துனா மீன் தாங்காது. ஒரு செம்பு போதும். அதையும் நின்னு நிதானமா ஊத்துங்க.”

“அப்ப இதுவரைக்கும் சேந்து போன உப்பு?”

“அது மெதுவாத்தான் குறையும். மொதல்ல மேல போடுறத நிறுத்துங்க.”

குற்றாலலிங்கம் ஒரு செம்புத் தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக நூல் பிடித்தாற்போல ஊற்றினார். ஊற்றி முடிக்கும்வரை மூச்சுக்கூட விடவில்லை. மீன் மூலையை விட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மீன் பொழச்சிருமா டீச்சர்?”

“தெரியாது அண்ணாச்சி. நாளைக்கும் ஒரு செம்பு ஊத்துங்க,” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா படியிறங்கிப் போனார்.

குற்றாலலிங்கம் வெறும் செம்போடு தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் போனை எடுத்தார். ஒரே நாளில் மகளுக்கு இரண்டாவது தடவை போன் போடுவது அவருக்கே புதிது.

“அப்பா? மீனுக்கு என்னாச்சு?” கோமதி பதறிக்கொண்டு எடுத்தாள்.

“மீன் இருக்கும்மா. தொட்டியில உப்பு கூடிப் போச்சாம். நாந்தான் தெனமும் ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் ஊத்துனேன்.”

தினமும் சொல்கிற அந்த ‘ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா’வுக்காகத்தான் கோமதி காத்திருக்கிறாள், அது வந்ததும் போனை வைத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்து நின்றது. கஷ்டமாகத்தான் இருந்தது. விழுங்கினார்.

“வேறப்பா?”

“வேற ஒண்ணுமில்லம்மா. இதச் சொல்லத்தான் போட்டேன்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “வச்சிரட்டா?”

“வச்சிராதீங்கப்பா,” என்றாள் கோமதி.