பூசணிக்குளத்து மாப்பிள்ளையும் ஏரோப்ளேன் காற்றும்

பூசணிக்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பேசுவார்கள். அதெல்லாம் பொறாமை. மூளை இருக்கத்தான் செய்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரை ஒட்டிய பொட்டல் காட்டில் ஒரு சின்ன விமான நிலையம் கட்டினார்கள். தினமும் ஒரு ஜெட் விமானம் வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். மயில் விரட்ட, புல் வெட்ட, விமானம் நிற்கிற சிமெண்டுத் தரையில் கல் பொறுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பூசணிக்குளத்திலிருந்து அம்பலவாணன் போனார். கூடவே அவருடைய மகன்கள் தங்கையாவும் செல்லையாவும், அக்காள் மகன் திருமேனியும் போனார்கள். நாலு பேரில் யோசிக்கிற வேலை அம்பலவாணனுக்கு. அவர் யோசிக்கும்போது ஆச்சரியப்படுகிற வேலை மற்ற மூவருக்கும்.

திருமேனி தங்கமான பிள்ளை. ஒரே ஒரு குறை, பதற்றம் வந்துவிட்டால் வேர்த்துக் கொட்டும். முதல் முதலாகப் பெண் பார்க்கப் போன வீட்டில் அவன் உட்கார்ந்த பாயைக் கொடியில் காயப்போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

பிறகு ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் சங்கரவடிவைப் பார்த்தான். பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தவள், கேட்காமலே அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குப் போன மனசுதான், திரும்பி வரவே இல்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன், இல்லையென்றால் மயிலோடு மயிலாக இந்தக் காட்டிலேயே கிடந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டான்.

சங்கரவடிவின் அப்பா பால்வண்ணம் சென்னையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். அம்பலவாணன் போனில் பேசியபோது அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஏரோப்ளேன் பக்கத்துல வேலைன்னு எவன் வேணும்னாலும் சொல்லலாம். நான் அந்த ஏரோப்ளேன்லயே வாரேன். மாப்பிள்ளை அதுக்குப் பக்கத்துல நிக்கதை ஜன்னல் வழியா என் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா பொண்ணு உங்களுக்கு. பாக்கலைன்னா, வேற இடத்துல ஒரு பட்டாளத்துக்காரர் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

பட்டாளம் என்றதும் திருமேனிக்கு அப்போதே வேர்த்துவிட்டது.

விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பது அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லைதான். ஆனால் மேற்பார்வையாளர் ஜெபராஜ் சார் வேலையில் சேர்ந்த அன்றைக்கே நாலு பேரையும் வெயிலில் நிறுத்திப் பாடம் நடத்தியிருந்தார்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. எஞ்சின் ஓடும்போது முன்பக்கம் போனா, உங்களை உறிஞ்சி உள்ள இழுத்துரும். அப்புறம் உங்களைச் சாக்குலதான் அள்ளணும். பின்பக்கம் போனா, ஊதித் தூக்கி எறிஞ்சிரும். விமானத்து மேல செகப்பு விளக்கு மினுக்கிக்கிட்டு இருக்க வரைக்கும் எஞ்சின் ஓடுதுன்னு அர்த்தம். அது அணையுற வரைக்கும் தரையில இருக்கிற இந்தச் செகப்புக் கோட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. தாண்டுனா வேலை போயிரும். அதுக்கு முந்தி உசுரு போயிரும்.”

“உசுரு முந்திப் போயிட்டா, வேலை போனதை எங்களுக்கு எப்படி சார் தெரியப்படுத்துவீங்க?” என்று செல்லையா கேட்டான். நியாயமான கேள்விதான். ஜெபராஜ் சார் ஏனோ அவனை உடனே கல் பொறுக்க அனுப்பிவிட்டார்.

பால்வண்ணம் வருகிற நாள் நெருங்கியது. வீட்டில் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கோட்டைத் தாண்டினால் வேலை போகும், வேலை போனால் பெண் கிடைக்காது. தாண்டாவிட்டால் பக்கத்தில் நிற்க முடியாது, அப்போதும் பெண் கிடைக்காது. திருமேனி அழாத குறை.

அம்பலவாணன் முதலில் எஞ்சின் விஷயத்தை எடுத்தார்.

“சார் படிச்சவரு. ஆனாலும் சொன்னது சரிதானான்னு நாமளும் ஒருக்க பாக்கணும்லா? ஏலே தங்கையா, அந்த டேபிள் ஃபேனை எடு.”

ஃபேனைத் தரையில் வைத்துச் சுழலவிட்டார்கள். முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார்கள். காகிதம் பறந்து சுவரில் போய் ஒட்டியது. பின்னால் பிடித்தார்கள். கம்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

அம்பலவாணன் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

“பாத்தியளா? முன்பக்கம் ஊதுது, பின்பக்கம் உறிஞ்சுது. சார் தலைகீழாச் சொல்லியிருக்காரு.”

“அப்ப எஞ்சினை யாரோ திருப்பி மாட்டிட்டாவளா அப்பா?” என்றான் தங்கையா.

“இருக்கும். அவசரத்துல மாட்டியிருப்பாவ. நாம அதைப் பெருசு பண்ண வேண்டாம், யாருக்காவது வேலை போயிரும். விஷயம் என்னன்னா, சார் பின்பக்கம்னு சொன்னதுதான் நெசமான முன்பக்கம். டேபிள் ஃபேனுக்கு முன்னால உக்காந்து செத்தவன்னு யாராவது உண்டுமா?”

மூன்று பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அப்படி யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“ஏரோப்ளேனுக்கு வாலுப் பக்கமா நிப்போம். காத்து ஜம்முன்னு வரும். மருமவனுக்கு வேர்க்கவும் செய்யாது. சம்பந்தி பாக்கும்போது முகம் பளிச்சுன்னு இருக்கும்” என்றார் அம்பலவாணன்.

திருமேனி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். தன் வேர்வையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசிக்கிற மாமா யாருக்குக் கிடைப்பார்!

“கோட்டுக்கு என்ன மாமா செய்ய?”

அதற்குத்தான் ராத்திரி முழுக்க யோசித்ததாகச் சொன்னார் அம்பலவாணன். கொல்லையில் கிடந்த நீளமான தேங்காய் நார்க் கயிற்றை எடுத்துவந்து சிவப்புப் பெயிண்டில் முக்கினார். காய்ந்ததும் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வட்டமாக்கினார்.

“இதுதான் செகப்புக் கோடு. நாலு பேரும் இதுக்குள்ள நின்னு, இடுப்புல பிடிச்சுக்கிட்டு நடப்போம். நாம எங்க போனாலும் கோடும் கூடவே வரும். கூடவே வார கோட்டை எப்படித் தாண்ட முடியும்? தாண்டணும்னு ஆசைப்பட்டாக்கூட முடியாது!”

“பழைய கோடு தரையில இருக்கே?” என்றான் செல்லையா.

“அது பழைய கோடுல்லா.”

எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. முதல் முதலாக வருகிற சம்பந்தியை ஆரத்தி எடுக்காமல் மண்ணில் கால் வைக்கவிட முடியுமா? ஊர் என்ன பேசும்? ஆரத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்கள் வேண்டும். வீட்டுப் பெண்களை விமான நிலையத்துக்குள் விடமாட்டார்கள், அனுமதிச் சீட்டு இவர்கள் நாலு பேருக்கு மட்டும்தான்.

“தங்கையா, நீ எடு.”

“நான் ஆம்பளைலா அப்பா?”

“துண்டை முக்காடு போட்டுக்கோ. ஏரோப்ளேன் ஜன்னல் சின்னது. அவ்வளவு நுணுக்கமாத் தெரியாது.”

குறித்த நாள் வந்தது. ஜெபராஜ் சார் அலுவலகத்தில் போன் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து நாலு பேரும் கிளம்பினார்கள். திருமேனி மைனர் போலப் பட்டுச் சட்டை போட்டிருந்தான். செல்லையா கையில் ரோஜா மாலை. தங்கையா தலையில் முக்காடு, கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டு, அதன் நடுவில் வெற்றிலை மேல் கற்பூரம். எல்லாரையும் சுற்றி இடுப்பு உயரத்தில் சிவப்புக் கயிறு. சின்னப் பிள்ளைகள் ரயில் விளையாட்டு விளையாடுவது போல நாலு பேரும் பழைய கோட்டைத் தாண்டி, புதுக் கோட்டைத் தாண்டாமல் நடந்து போனார்கள்.

விமானம் இறங்கி, ஊர்ந்து வந்தது. இரைச்சல் காதைப் பிளந்தது. மேலே சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

“கல்யாணச் சம்பந்தம்னு எப்படியோ தெரிஞ்சு சீரியல் லைட்டு போட்டிருக்காவ!” என்று செல்லையா கத்தினான்.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு ஜன்னலில் பெரிய மீசையும் விபூதிப் பட்டையுமாக ஒரு முகம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தெரிந்தது. பால்வண்ணம்தான்! அவர் பார்த்தார். திருமேனியும் பார்த்தான். உடனே நெற்றியில் குப்பென்று வேர்த்தது.

“மாமா, வேர்க்குது!”

“இந்தா வாலு திரும்புது மருமவனே, இப்ப காத்து வரும்!”

விமானம் நிற்க வேண்டிய இடத்துக்கு வளைந்தது. வால் மெல்ல இவர்கள் பக்கம் திரும்பியது. முதலில் காற்று லேசாக வந்தது. திருமேனி கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, என்ன சொகம்” என்றான். அந்தச் சமயம் பார்த்து விமானி, வளைவு போதவில்லை என்று எஞ்சினைக் கொஞ்சமே கொஞ்சம் முடுக்கினார்.

அப்புறம் திருமேனிக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். முதலில் தங்கையாவின் முக்காடு போனது. அடுத்து மாலை போனது. ஆரத்தித் தண்ணீர் நாலு பேர் மேலும் சமமாக விழுந்தது. பிறகு தரை போனது. மாமாவின் முகம் ஒருதரம் தனக்கு மேலே தெரிந்தது, ஒருதரம் கீழே தெரிந்தது. செல்லையா எங்கோ பக்கத்திலிருந்து “அப்பா, கோடு கூடவே வருது!” என்று சந்தோஷமாகக் கத்தினான். வேர்வை மட்டும் சுத்தமாகக் காய்ந்துவிட்டது.

எல்லைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், இவர்களே வெட்டி, சார் பலதடவை சொல்லியும் அள்ளாமல் போட்டிருந்த புல் மலைபோலக் குவிந்து கிடந்தது. நாலு பேரும் கயிறும் ஒன்றாகப் போய் அதில் சொருகிக்கொண்டார்கள்.

ஜெபராஜ் சார் தலைதெறிக்க ஓடிவந்தார். புல்லுக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று நாலு உருவம் எழுந்ததைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ரத்தம் இல்ல சார், ஆரத்தி” என்றான் தங்கையா. தட்டை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

கை கால் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துவிட்டு சார் வாயில் வந்தபடி ஏசினார். “பாவிகளா! பின்பக்கம் நின்னதால பறந்தீங்க. முன்பக்கம் நின்னிருந்தா உறிஞ்சி இழுத்திருக்கும்டா! எவ்வளவு தூரத்துல நின்னாலும் இழுத்திருக்கும்டா!” சொல்லிவிட்டு அழுதேவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

திருமேனி அதைக் கேட்கிற நிலையில் இல்லை. எஞ்சின் ஓய்ந்து, படிக்கட்டு வைத்து, பால்வண்ணம் இறங்கி நேராக இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பட்டுச் சட்டையில் ஒரு கைதான் மிச்சம். தலையெல்லாம் புல். போச்சு, எல்லாம் போச்சு, சங்கரவடிவு பட்டாளத்துக்காரனுக்குத்தான் என்று திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

பால்வண்ணம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசை துடித்தது.

“மாப்ளே! நான் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து வந்தவன். என்னைப் பெல்ட்டைப் போட்டுக் கட்டித்தான் பறக்க வச்சாவ. இத்தாம் பெரிய ஏரோப்ளேனுக்கே றெக்கை வேண்டியிருக்கு, சக்கரம் வேண்டியிருக்கு. நீரு வெறும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, குடும்பத்தோட, அசையாம நின்ன இடத்துல இருந்து பறந்தீரு! இறங்கும்போது ஒரு குலுக்கல் உண்டா? பட்டாளத்துக்காரன் கிடக்கான். எம்மவ உமக்குத்தான்!”

திருமேனி பொலபொலவென்று அழுதான். அம்பலவாணன் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். ஆரத்திச் சிவப்பு அவர் வேட்டியிலும் ஒட்டியது.

“ஆனா ஒரு நிபந்தனை” என்றார் பால்வண்ணம். “மாப்பிள்ளை அழைப்புக்குக் கார், குதிரையெல்லாம் வேண்டாம். மண்டபத்துக்கு இதே மாதிரிதான் வரணும். எங்க ஆளுவ எல்லாரும் பாக்கணும்.”

“அதுக்கென்ன அண்ணாச்சி, கயிறு எங்க செலவு.”

“மண்டபத்து வாசல்ல வைக்கோல் எங்க செலவு.”

வெற்றிலை மாற்றாத குறையாகப் பேச்சு முடிந்தது. தரையில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் சாரிடம் அம்பலவாணன் பணிவாகக் குனிந்தார்.

“சார், உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் கிடையாது. ஆவணியில ஒரு நாள் மட்டும் ஏரோப்ளேன் வாலை மண்டபத்தைப் பாக்கத் திருப்பி நிறுத்துனாப் போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம்.”

சார் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டினார். அவர் சம்மதித்துவிட்டார் என்று நாலு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

திருமேனிக்கு மட்டும் ஒரு கவலை. “போறது சரி மாமா. தாலி கட்டுன பொறவு பொண்ணைக் கூட்டிக்கிட்டு எப்படித் திரும்பி வாரது?”

அம்பலவாணன் வாய்விட்டுச் சிரித்தார்.

“என்ன மருமவனே இப்படிக் கேக்க? சார் இப்பத்தானே சொன்னாரு, எவ்வளவு தூரத்துல நின்னாலும் முன்பக்கம் இழுத்துரும்னு. ஏரோப்ளேன் மூஞ்சியை மண்டபத்தைப் பாக்கத் திருப்பிட்டாப் போச்சு. ரெண்டு பேரையும் அலுங்காம உறிஞ்சிக் கூட்டிக்கிட்டு வந்துரும்லா!”

“அப்ப பந்தி முடிஞ்ச உடனே கிளம்பிரலாமா மாமா?”

“சேச்சே! சாப்பிட்டுட்டு ஒரு அரை மணி நேரம் உக்காந்து எந்திரிச்சுக் கிளம்புங்க. சாப்பிட்ட கையோட உறிஞ்சினா வயித்துக்கு ஆகாது.”