காலமணியைப் புளிபோட்டு விளக்கிய கதை

இடிமலை உச்சியில் கருங்கோட்டை கட்டிக்கொண்டு இருந்தவனுக்குப் பேர் காலவேந்தன். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆமாம் என்று சொல்லாதவர்கள் கோட்டை முற்றத்தில் கற்சிலையாக வரிசையில் நின்றதால், அவர்கள் அபிப்பிராயம் தெரியவில்லை.

அவன் கால் தரையில் படாது. ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டே இருப்பான். காற்றே அடிக்காத நாளிலும் அவன் தலைமுடி மட்டும் பறக்கும். யாரையாவது அடிப்பதற்கு முன்னால் அந்த அடியின் பேரை மலை அதிரக் கத்திவிட்டுத்தான் அடிப்பான். பேர் சொல்லி முடிக்கவே கால் நாழிகை ஆகும். அதற்குள் எதிரிகள் ஏன் ஓடிப்போகவில்லை என்பது எனக்கும் தெரியாது.

அவன் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மணி பதிந்திருந்தது. காலமணி. ஏழு ராஜாக்களைக் கொன்று அவர்கள் பலத்தை அதில் ஏற்றி வைத்திருந்தான். ஒவ்வொரு ராஜாவின் பலமும் ஒரு பூச்சாகப் படிந்து படிந்து, மணி கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது.

ஆரம்பத்தில் கோட்டையில் புத்தியுள்ள ஆட்கள் நிறைய இருந்தார்கள். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "இதை இப்படிச் செய்தால் சரிவருமா சாமி?" என்று கேட்பான். காலவேந்தனுக்குக் கேள்வி பிடிக்காது. கடவுளைக் கேள்வி கேட்டவன் கல் என்று சட்டம் போட்டான். ஒரே வருஷத்தில் மந்திரி கல், தளபதி கல், வைத்தியன் கல். கடைசியில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மூன்றே பேர். மூவரும் அண்டாப்பட்டிக்காரர்கள்.

அண்டாப்பட்டிக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழில். கல்யாண வீடுகளில் சமையல் முடிந்ததும் கரிபிடித்த அண்டாக்களை விளக்கிக் கொடுப்பது. தொழிலுக்கு இரண்டே விதி. பாத்திரத்தில் முகம் தெரியும்வரை கையை எடுக்கக்கூடாது. விளக்கின தண்ணீரைக் கீழே கொட்டக்கூடாது, ஆட்டுக்கு வைக்க வேண்டும்.

மூவரில் மூத்தவன் மொக்கையன். மற்ற இருவரும் அவன் மதினி மூக்காயியும், மச்சினன் ஒச்சப்பனும். மதினியின் புருஷன், அதாவது மொக்கையனின் அண்ணன் சடையாண்டி, முற்றத்தில் கல்லாக நின்றான். அவன் பெரிய தப்பு ஒன்றும் செய்யவில்லை. கரண்டியில் குழம்பை நீட்டி, "உப்புப் போதுமா சாமி?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஆறு வருஷமாகக் கரண்டியை நீட்டியபடியே நின்றான்.

மூக்காயி தினமும் அவன் தலையில் எண்ணெய் வைப்பாள். துவைத்த சேலையை அவன் நீட்டிய கைமேல் காயப்போடுவாள். "உசுரோட இருக்கையில ஒரு வேலைக்கும் கையை நீட்டாத மனுசன். இப்பத்தான் உதவியா இருக்காரு" என்பாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மொக்கையனுக்குச் சோறு இறங்காது. எப்படியாவது அண்ணனை மீட்டுவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே நினைப்பு. ஒரு நேரத்தில் ஒன்றுக்குமேல் நினைக்க அவனுக்கு வராது.

காலவேந்தன் இவர்களை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

"சாப்பிடும்போது என் கண்ணெதிரே எவனும் வரக்கூடாது" என்றான் ஒருநாள். அன்றிலிருந்து ஒச்சப்பன் அவன் முதுகுக்குப் பின்னால் ஏணி போட்டு நின்று, தோளுக்கு மேலாகக் கையை விட்டு, குத்துமதிப்பாக ஊட்டினான். ரசம் நான்கு தடவை மூக்குக்குள் போனது. காலவேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கடவுள் சொன்னது தப்பு என்று கடவுளே சொன்னால் அப்புறம் என்ன மரியாதை?

"நான் சண்டைக்குப் போயிருக்கும்போது கோட்டைக் கதவைத் திறக்கவே கூடாது" என்றான் இன்னொரு நாள். ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் தட்டினான்.

"யாரு?" என்றான் மொக்கையன் உள்ளேயிருந்து.

"நான்தான்டா, உன் கடவுள்!"

"சாமி சண்டைக்குப் போயிருக்காரு. அவர் இல்லாதப்ப கதவைத் திறக்கக்கூடாது. அவர் வந்தப்புறம் வாங்க."

மூன்று நாள் மழையில் வெளியே மிதந்தான் காலவேந்தன். ஒரு சாணுக்குமேல் எழும்ப வராததால் மதிலையும் தாண்ட முடியவில்லை. கடைசியில் சொந்த மதிலைத் தானே இடித்துக்கொண்டு உள்ளே வந்து, ஒரு கட்டளை போட்டான். "தரையில் கால் படாமல் மிதக்கிறவன் எவனோ, அவன்தான் கடவுள். அவனுக்குக் கீழ்ப்படியுங்கள். கால் தரையில் பட்டவன் என் முகத்தோடு வந்தாலும் அவன் நானில்லை. பிடித்து வேலை வாங்குங்கள்." மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அந்த வருஷம் சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்தன்று காலமணியை நெற்றியிலிருந்து எடுத்து, ஆட்டுப்பாலில் குளிப்பாட்டி, சூரியன் முழுக்க மறையும் நேரத்தில் திரும்பப் பதித்தால் போதும். பிறகு அவனுக்குச் சாவு கிடையாது. ஒரு சாண் என்ன, வானம் வரைக்கும் பறக்கலாம். ஒரே சங்கடம், மணி வெளியே இருக்கும்போது அவன் கண்ணைத் திறக்கவும் கூடாது, அசையவும் கூடாது. வேறு யாராவதுதான் எல்லாம் செய்ய வேண்டும். யார் இருக்கிறார்கள்?

"நன்றாகக் கேளுங்கள்" என்றான். "நான் கண்ணை மூடியிருக்கும்போது என் காதில் ஒரு சத்தமும் விழக்கூடாது. மணியில் இம்மி அழுக்கு இருக்கக்கூடாது. சூரியன் மறைந்ததும் நெற்றியில் பதியுங்கள். பிசகாமல் முடித்தால் மொக்கையா, உன் அண்ணனுக்கு உயிர் கொடுப்பேன். பிசகினால் மூவரும் அவனுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள்."

இன்றைக்கு ஒரு சொல்லைக்கூடத் தவறவிடுவதில்லை என்று மொக்கையன் கண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்துகொண்டான்.

காலவேந்தன் மணியைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு, முற்றத்தைப் பார்த்த மாடத்தில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினான். உடனே ஒரு காக்கை கத்தியது.

"போச்சு மச்சான்! சத்தம் விழுந்திருச்சு" என்றான் ஒச்சப்பன்.

"காக்காயை விரட்டு மாப்ள."

"விரட்டினா அந்தச் சத்தம் விழுமே. அப்புறம் காத்து அடிக்குது. ஆடு கத்துது. எத்தனையைப் போய் விரட்ட?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மூக்காயிதான் சொன்னாள். "சத்தம் இருக்கக்கூடாதுன்னா சொன்னாரு? காதுல விழக்கூடாதுன்னுதானே சொன்னாரு. விழுற இடத்தை மூடிட்டா?"

அண்டா ஓட்டை அடைக்க வைத்திருந்த தேன்மெழுகை உருட்டி, காலவேந்தனின் இரண்டு காதிலும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தான் மொக்கையன். காலவேந்தன் முகம் கோணியது. ஆனால் அசையக்கூடாதே.

பிறகு மணியைப் பாலில் குளிப்பாட்டினார்கள். பால் வழிந்தது. மணி கறுப்பாகவே இருந்தது.

மூக்காயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கொழுந்தனாரே, இதுல இம்மி அழுக்கு இல்ல. இது முழுக்க அழுக்கு."

"அது அதோட நிறமா இருக்கும் மதினி."

"நகத்தால சுரண்டிப் பாரும். வந்தா கரி. வரலேன்னா நிறம்."

தொழிலில் கைகண்ட சோதனை அது. மொக்கையன் சுரண்டினான். நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் எங்கோ ஒரு ராஜா "அப்பாடா" என்று மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம்.

"கரியேதான்" என்றான் ஒச்சப்பன். "எத்தனை வருசத்துக் கரியோ! இவ்வளவு பெரிய மனுசன், ஒருநாள்கூட விளக்கலை பாருங்க."

"நம்மகிட்ட கேட்டிருக்கலாம்" என்றான் மொக்கையன் வருத்தத்தோடு. "கேட்கிற பழக்கம் இல்லாத ஆளு."

புளி வந்தது. செங்கல்பொடி வந்தது. தேங்காய் நார் வந்தது. மொக்கையன் அண்ணன் சிலையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். முதல் தேய்ப்பில் யானை பிளிறியது. இரண்டாம் தேய்ப்பில் போர்முரசு கேட்டது. மூன்றாவதில் மலை ஒரு குலுக்கு குலுக்கியது.

"கெட்டியான கரி" என்றான் மொக்கையன். "புளியை இன்னும் கொஞ்சம் வை மாப்ள."

ஏழாவது தேய்ப்பில் மணி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூவரும் மாறிமாறி முகம் பார்த்தார்கள். ஒச்சப்பன் அதைப் பார்த்தே மீசையைச் சரிசெய்துகொண்டான். கறுப்புத் தண்ணீரை விதிப்படி, பால் கறந்த வெள்ளாட்டின் முன்னால் வைத்தார்கள். புளித்தண்ணீர் என்றால் ஆட்டுக்கு உயிர். ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டது.

சூரியன் மறைந்தது. மொக்கையன் மணியை நெற்றியில் பதித்தான். இம்மி பிசகவில்லை.

காலவேந்தன் கண்ணைத் திறந்தான். மலை அதிரச் சிரித்தான். காதில் மெழுகு இருந்ததால் மலை அதிரவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. "இனி வானமே எனக்குப் படிக்கட்டு!" என்று இரண்டு கையையும் விரித்து, மாடத்திலிருந்து குதித்தான்.

கீழே இன்னும் விளக்காமல் வைத்திருந்த பாயச அண்டாவுக்குள் தொப்பென்று விழுந்தான். தட்டுத்தடுமாறி எழுந்து வெளியே வந்தான். இரண்டு காலும் தரையில் பட்டிருந்தன.

மூவரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள்.

"மச்சான், இது சாமி இல்ல" என்றான் ஒச்சப்பன்.

"முகம் அதேதான்."

"முகத்தோட வந்தாலும்னு சாமியே சொல்லியிருக்காரே. பெரியவங்க எவ்வளவு யோசிச்சுச் சொல்லியிருக்காங்க பாருங்க!"

"முட்டாள்களே, நான்தான்டா!" என்று கத்தினான் காலவேந்தன். அவர்கள் சொன்ன பதில் எதுவும் அவன் காதில் விழவில்லை. கையில் தேங்காய் நாரைத் திணித்து, அந்த அண்டாவின் முன்னாலேயே உட்கார வைத்தார்கள்.

"அப்ப உண்மையான சாமி எங்கே?" என்றாள் மூக்காயி.

பின்னால் "மே" என்று கேட்டது.

வெள்ளாடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. தாடி மட்டும் பறந்தது. மூவரும் தடாலென்று காலில் விழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, காலவேந்தனைக் கொல்லப் பத்து வருஷம் பயிற்சி எடுத்த வீரன் செங்கதிரன் மதில் ஏறி உள்ளே குதித்தான். செம்பட்டைத் தலை, ஆளைவிட நீளமான வாள். "ஏழுகடல் எரிமலை இடிமுழக்க..." என்று தன் அடியின் பேரைச் சொல்ல ஆரம்பித்தான். பாதிப் பேரிலேயே ஆடு முட்டியது. மலையடிவாரத்தில் போய் விழுந்தான். ஊருக்குப் போய்த் தான்தான் காலவேந்தனை ஒழித்ததாகச் சொன்னான். ஊர் அவனுக்கு ஆளுயர வெண்கலச் சிலை வைத்தது. புளி போட்டவனுக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அந்தச் சிலை கறுத்துப் போனால் விளக்க மட்டும் அண்டாப்பட்டிக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

மொக்கையனுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. வேலை பிசகாமல் முடிந்துவிட்டது, அண்ணன் இன்னும் கல்லாகத்தான் நின்றான். சாமியிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் கல்.

"கேட்க வேணாம் மச்சான், பக்கத்துல கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம்" என்றான் ஒச்சப்பன்.

ஆட்டைக் கைகூப்பி அழைத்துப் போனார்கள். ஆடு சடையாண்டியைச் சுற்றி ஒருதரம் மிதந்தது. நீட்டிய கரண்டியை மோந்து பார்த்தது. ஆறு வருஷத்துக் குழம்பு காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. நாக்கை நீட்டி நக்கியது.

நக்கிய இடத்திலிருந்து கல் உதிர்ந்தது. விரல் அசைந்தது, தோள் அசைந்தது, கண் இமைத்தது. மூக்காயி கதறிக்கொண்டு ஓடிப்போய், முதலில் அவன் கைமேல் கிடந்த சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள்.

சடையாண்டி எதிரே மிதந்த கடவுளைப் பார்த்தான். ஆறு வருஷம் முன்னால் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

"உப்புப் போதுமா சாமி?"

"கேட்டுட்டாருடா!" என்று மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆடு கரண்டியை மறுபடி நக்கியது. அவன் உள்ளங்கையை நக்கியது. முழங்கை வரைக்கும் நக்கியது.

"போதலையாம்" என்றான் சடையாண்டி. "இன்னும் கொஞ்சம் போட்டுட்டு வந்துடுறேன்" என்று அந்தக் குழம்பைத் தேடி அடுப்படிக்குப் போனான்.

அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த காலவேந்தனின் காதிலிருந்து, அந்த வேர்வையில், மெழுகு ஒருவழியாக வழுக்கி விழுந்தது. கடைசிப் பேச்சு மட்டும் கேட்டுவிட்டது. அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினான்:

"அன்னைக்கு உப்புச் சரியாத்தான்டா இருந்துச்சு!"

மூக்காயி திரும்பினாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"சாமிக்கு வச்ச குழம்போட ருசி உனக்கு எப்படிய்யா தெரியும்? திருட்டுத்தனமாக் குடிச்சிருக்கான் பாருங்க கொழுந்தனாரே!"

சாமியின் குழம்பைத் திருடிக் குடித்த குற்றத்துக்கு இன்னும் இரண்டு அண்டா என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சரிதானா என்று யாரும் கேட்கவில்லை, சட்டம் அப்படி. ஆட்டின் முகத்தை மட்டும் பார்த்தார்கள்.

"மே" என்றது ஆடு.

"மூணாம்" என்றான் ஒச்சப்பன்.