மழைக்கு இடம் ஒதுக்கிய சாளைக்குப்பம்

சாளைக்குப்பம் எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். விசாரித்துக்கொண்டு போனவர்களில் ஒருவராவது கொண்டுபோன புத்தியோடு திரும்பியதாகத் தகவல் இல்லை.

அந்த ஊர்மேல் மேகம் வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்து போகாது. பங்குனியில் ஊர் உலகமெல்லாம் வெயிலில் வேகும்போது சாளைக்குப்பத்து ஆண்கள் மட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இன்றைக்காவது சூரியன் வருமா என்று காலையிலேயே மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்களில் தருமையன் என்று ஒருவர். வாட்டசாட்டமான ஆள். கழுத்துக்குக் கீழே ஒரு குறை சொல்ல முடியாது.

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. படகுகள் கரையேறிவிட்டால் இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டில் அடுப்பெரிய நெத்திலிக் கருவாட்டை விட்டால் வேறு கதியில்லை. கடைசியாகக் கிடைத்த நெத்திலியை எல்லாம் மணலில் பழைய வலையை விரித்துக் காயப்போட்டிருந்தார். பாதிதான் காய்ந்திருந்தது. ஒரு மழை விழுந்தால் அத்தனையும் புழுத்துப்போகும். அதனால் அவர் மனைவி அஞ்சலாட்சி தார்ப்பாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மேகத்தை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் சிங்காரவடிவேலு வீட்டு ரேடியோவில் இளவேனிற்கால வானிலை சொன்னார்கள். ஊரே கூடிக் கேட்டது. "கடலோரப் பகுதிகளில் வானம் மேகமூட்டத்துடன் காணப்படும். வெப்பநிலை இயல்பைவிடக் குறைவாக இருக்கும். ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யும்."

சிங்காரவடிவேலு ரேடியோவை அணைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். ரேடியோ வைத்திருப்பதால் அவர்தான் அந்த ஊரில் படித்தவர்.

"ஓரிரு எடத்துல பெய்யும்னு சொன்னாங்க. எந்த எடம்னு சொல்லலை. ஏன்?"

கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"அதை நம்ம பொறுப்புல விட்டிருக்காங்க."

ஊர்த்தலைவர் வைரக்கண்ணு நாட்டார் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கக் கண்ணை மூடினால் சில சமயம் மறுநாள்தான் திறப்பார். அன்று சீக்கிரமே திறந்துவிட்டார்.

"அப்ப எடத்தை ஒதுக்கிடணும். இல்லேன்னா அது கண்ட எடத்துல பெஞ்சு வைக்கும். எங்க வீட்டுக் கூரை வேற பொத்தலு."

"கோயில் கொளத்தைக் கொடுத்துருவோம் நாட்டாரே. காஞ்சுதானே கெடக்கு" என்றார் தருமையன்.

"அது ஒரு எடம். இன்னொண்ணு?"

"அதுவும் கொளமே இருக்கட்டும். கீழக்கரை ஒரு எடம், மேலக்கரை ஒரு எடம்."

கூட்டம் கைதட்டியது. தன் கருவாட்டைத் தானே காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் தருமையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒதுக்கியாயிற்று, அது மழைக்கு எப்படித் தெரியும்? ஒரு பெரிய பலகையில் 'மழை இங்கே பெய்யவும்' என்று எழுதிக் குளத்துக்குள் கொண்டுபோனார்கள். நட்டு வைத்தால் தெருவில் போகிறவனுக்குத்தான் தெரியும், மழைக்கு எப்படித் தெரியும் என்று நாட்டார் கேட்டதால் பலகையை மல்லாத்திப் போட்டார்கள். மேலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சிங்காரவடிவேலு கரையில் இருந்த தென்னைமரத்தில் ஏறினார். எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கிறது என்றார். இறங்கச் சொல்லி யாரும் சொல்லாததால் அங்கேயே இருந்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"மழை விழுந்தா எழுத்து அழிஞ்சுருமே. அப்புறம் அது எதைப் படிக்கும்?" என்றார் நாட்டார்.

தருமையன் வீட்டுக்கு ஓடினார். அஞ்சலாட்சி தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கொண்டுபோயிட்டா கருவாட்டை எதைப் போட்டு மூடுறது?"

"நம்ம மணலு ஒதுக்கின எடத்துல சேரலை. இங்க பெய்ய மழைக்கு அதிகாரமே கெடையாது."

"அது மழைக்குத் தெரியுமா?"

"எழுதியே வெச்சிருக்கோம்ல" என்று சொல்லித் தார்ப்பாயை உருவிக்கொண்டு போய்ப் பலகையை இழுத்து மூடிவிட்டார்.

மறுநாள் காலையில் மழை வந்தது. ரேடியோவில் சொன்ன மாதிரி லேசான மழைதான். நெத்திலிமேல் நிதானமாகப் பெய்தது. தருமையன் நடு மணலில் நின்று அண்ணாந்து பார்த்து, "இங்க இல்லை, அந்தாண்ட, அந்தாண்ட" என்று குளத்துப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கருவாடு ஊறிவிட்டது. பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஊரார் குளத்துக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நம்ம மழை எங்க போச்சு?" என்றார் நாட்டார்.

"தருமையன் கருவாட்டுல விழுந்ததை நான் பார்த்தேன்" என்றார் மரத்திலிருந்த சிங்காரவடிவேலு.

பஞ்சாயத்து அங்கேயே கூடியது.

"ஏப்பா தருமையா, கொளத்துக்கு ஒதுக்கின மழையை ஒன் நெத்திலி குடிச்சிருக்கு. என்ன சொல்றே?"

"தெரியாமக் குடிச்சிருக்கும் நாட்டாரே. சின்ன மீனுதானே."

குடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கூடை கூடையாக நெத்திலி வந்தது. ஊரே குளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் பிழிந்தது. பிழிந்த நெத்திலி அப்புறம் நெத்திலியாக இருக்கவில்லை. ஊர்ப் பூனைகளுக்குப் பஞ்சாயத்தின்மேல் அன்றைக்குப் பெரிய மரியாதை வந்தது.

பாதிக் கூடைகள் முடிந்திருக்கும். மேகம் விலகி, சுள்ளென்று வெயில் அடித்தது. அஞ்சலாட்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வெயில் வந்துருச்சு. மிச்சத்தையாவது கொடுங்க, காயப்போடுறேன்."

தருமையனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு மாதச் சோறாயிற்றே. நாட்டார் முகத்தைப் பார்த்தார்.

"மேகமூட்டம்னுதான் சொல்லியிருக்காங்க" என்றார் நாட்டார். "இது நமக்கு வந்த வெயில் இல்லை. வேற ஊருக்குப் போறது வழி தவறி வந்திருக்கு. எடுத்துப் பொழங்கிட்டா நாளைக்குக் கேட்டுக்கிட்டு வருவாங்க."

நியாயம்தான் என்று எல்லோரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லியிருந்ததால் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். தருமையனுக்கு ஆறாக வழிந்தது.

"ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்றாள் அஞ்சலாட்சி.

"வேர்க்கலை. இந்தக் குளிர்ல எப்படி வேர்க்கும்? காலைல நனைஞ்ச மழை இது."

"அப்ப அதையும் கொளத்துலயே பிழிஞ்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கூடைகளை ஒவ்வொன்றாக மணலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் சொன்னதைப் பற்றி யோசிக்க நாட்டார் கண்ணை மூடியிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவர் முகம் கடுமையாக இருந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி. மீனைவிட இவன்தான் அதிகமாக் குடிச்சிருக்கான்."

தருமையன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். இரண்டு பேர் தோளையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கி, இவர்கள் வலப்பக்கமும் அவர்கள் இடப்பக்கமுமாக முறுக்கத் தொடங்கினார்கள்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்றார் மரத்திலிருந்த சிங்காரவடிவேலு. "மேலக்கரைக்கு வந்துருச்சு. கீழக்கரைக்குத்தான் இன்னும் பெய்யலை."