மாஸ்டரின் கனம்

நாகர்கோவிலில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு மல்யுத்தம் சொல்லித்தரும் கிளாட்சன் மாஸ்டரின் எடை நூற்றுப்பத்து கிலோ. "பலம் வேண்டாம்டே, உத்தி போதும்" என்று தினமும் அரைமணி நேரம் பேசுவார். பேசி முடித்ததும், தன்னிடம் படிக்கவரும் கூரியர்காரன் எசக்கியைக் கீழே படுக்கவைத்து அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஐம்பத்திரண்டு கிலோ எசக்கிக்கு எட்டு மாதமாக இதே பிழைப்பு. சலித்துப்போனான்.

அன்றும் ஏறி உட்கார்ந்தார். "பத்து எண்ணுறதுக்குள்ள வெளிய வா. இல்லன்னா மதுரைப் போட்டிக்கு உன் பேரு கிடையாது."

"எப்படி வேணாலும் வரலாமா மாஸ்டர்?"

"எப்படின்னாலும் வாடே!"

எசக்கி அவர் தொடையில் இரண்டு முறை தட்டினான். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். பழக்கத்தில் மாஸ்டர் சட்டென்று எழுந்துவிட்டார். எசக்கியும் எழுந்து நின்றான்.

"லேய், அது தோல்வில்லா!"

"வெளியதான வரச் சொன்னீங்க? சரி, தட்டாம எப்படி வரணும்னு ஒருதடவை காட்டுங்க. நீங்க கீழ படுங்க, நானும் நம்ம வகுப்பு ஒல்லி தங்கசாமியும் சேர்ந்து ஏறுதோம். அப்பவும் உங்க கனம் வராது."

வகுப்பு மொத்தமும் ஆவலாகச் சுற்றி உட்கார்ந்தது. மாஸ்டர் தரையைப் பார்த்தார், தங்கசாமியைப் பார்த்தார். பிறகு போட்டிப் படிவத்தை எடுத்துவரச் சொல்லி, எசக்கியின் பெயரை எழுதப் பேனா கேட்டார்.