ராயர் காத்திருந்த வாரிசுகள்

ஒரு காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துத் தவளைகளுக்கு மண்டூகராயர் என்று ஒரு தலைவர். குலப்பெருமை பேச ஆரம்பித்துவிட்டால் அவருக்குப் பசி, தாகம் எதுவும் தெரியாது. "நம் முதல் மூதாதை நாலு காலோடு மேகத்திலிருந்து குதித்தவர். அன்று முதல் நம் குலத்தில் எல்லாரும் நாலு காலோடுதான் பிறக்கிறோம்!" என்று வாய் ஓயாமல் சொல்வார். மற்றத் தவளைகளும் கூச்சமே இல்லாமல் தலையாட்டும்.

பிள்ளைகளே, தவளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிட்டதும் திரும்பிப் பாராமல் போய்விடும். அந்த வருஷம் முதல் மழையில், குளத்தை ஒட்டியிருந்த குட்டையில் எல்லாத் தவளைகளும் முட்டையிட்டன. ராயரின் மனைவி இட்டதும் அங்கேதான். பிறகு எல்லாம் நடுவே இருந்த மண்மேட்டைத் தாண்டிக் குளத்துக்குத் தாவிவிட்டன.

செம்புள்ளி என்ற பெண் தவளைக்கு மட்டும் காலில் அடிபட்டிருந்தது. தாவ முடியாமல் குட்டையிலேயே தங்கிவிட்டாள். அதனால், மற்ற யாரும் பார்க்காததை அவள் பார்த்தாள். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்குக் கால் இல்லை, வால்தான் இருந்தது. எல்லாம் தலைப்பிரட்டைகள்!

செம்புள்ளிக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, "அப்படியானால் நானும் ஒரு காலத்தில் வாலை ஆட்டிக்கொண்டுதானே திரிந்திருப்பேன்!" என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மழை பொய்த்தது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. ஓரத்துச் சேற்றில் மாட்டிக்கொண்ட சில தலைப்பிரட்டைகள் துடிதுடித்துச் செத்தன. கால் சற்றுத் தேறியதும் செம்புள்ளி தட்டுத்தடுமாறி மேட்டைத் தாண்டி ராயரிடம் ஓடினாள்.

"ராயரே, மேட்டை வெட்டிக் குளத்துத் தண்ணீரைக் குட்டைக்கு விடுங்கள். வாலோடு பிறந்த நம் பிள்ளைகள் சாகிறார்கள்!"

"நம் பிள்ளைகளா? அந்த வால் முளைத்த கும்பலா?" என்றார் ராயர். "சீ! வாயைக் கழுவு. அதெல்லாம் மீன் கூட்டம். வால் உள்ளது எதுவும் என் குளத்துக்குள் வரக்கூடாது."

கூடியிருந்த தவளைகள் கொல்லென்று சிரித்தன.

செம்புள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அங்கே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே குலப்பெருமை பேசிச் சிரிக்கிறார்களே! இவர்களும் பெற்றவர்களா? ஆனால் கத்தினால் காரியம் கெட்டுவிடும். கோபத்தை விழுங்கிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

"போகட்டும் ராயரே. உங்கள் பக்கத்தில் அந்தத் தாமரை இலை காலியாக இருக்கிறதே, அது யாருக்கு?"

"என் வாரிசுகளுக்கு! இன்றோ நாளையோ நாலு காலில் தாவி வந்துவிடுவார்கள்."

"எங்கிருந்து வருவார்கள்?"

"இதென்ன கேள்வி? குட்டையிலிருந்துதான். கோரைப்புல் ஓரமாகத்தான் முட்டைகள் இருக்கின்றன."

"முட்டையிட்டு மூன்று வாரம் ஆயிற்றே ராயரே. கோரைப்புல் ஓரத்தில் இப்போது ஒரு முட்டைகூட இல்லை. நாலு காலோடு யாரும் மேடேறி வரவும் இல்லை. அந்தக் குட்டையில் இருப்பதெல்லாம் வால் வைத்தவைதான். அப்படியானால் உங்கள் வாரிசுகள் எங்கே?"

ராயர் காலியாகக் கிடந்த தாமரை இலையைத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்திலிருந்த ஒரு தாய்த் தவளை, "ஐயோ, என் முட்டைகளும் அங்கேதானே!" என்று அலறிக்கொண்டு மேட்டை நோக்கித் தாவியது. அவ்வளவுதான்! சற்றுமுன் சிரித்த அத்தனை தவளைகளும் பின்னாலேயே ஓடிப் பின்னங்கால்களால் மண்ணை உதைத்துத் தள்ளின. ராயரும் உதைத்தார். கொஞ்ச நேரத்தில் மேடு உடைந்தது. குளத்துத் தண்ணீர் குட்டைக்குள் பாய, தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக நீந்தி வந்தன. ஆனால் சேற்றில் கிடந்த பல அசையவே இல்லை.

ராயர் மூச்சு வாங்க நின்றார். நீந்தி வந்தவற்றையும் சேற்றில் கிடந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செம்புள்ளி, இதில் என் பிள்ளைகள் எவை?" என்று கேட்டார்.

செம்புள்ளிக்கு அப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும் ராயரே? பிழைத்ததில் உங்களுடையது எத்தனை, செத்ததில் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. அடையாளம் தெரிய வேண்டுமானால், வாலோடு இருந்தபோதே ஒரு நாளாவது வந்து பார்த்திருக்க வேண்டும்."

எது தன் பிள்ளை என்று தெரியாததால், அன்று தன்னைக் கடந்து போன ஒவ்வொரு தலைப்பிரட்டைக்கும் ராயர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

நீதி: தாம் கடந்து வந்த பருவத்தை மறந்தவர், தாம் பெற்ற பிள்ளையையே அந்நியன் என்று விரட்டுவார்.