எஸ்தாக்கி ஸ்டாப்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் எஸ்தாக்கி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மலை ரோட்டிலிருந்து எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இறங்க, சரிவில் நாற்பது படி வெட்டியவன் நான். படி வந்த பிறகுதான் பஸ் அங்கே நின்றது. முதல் நாள் இறங்கியவன் எஸ்தாக்கி. மறுநாளிலிருந்து கண்டக்டர் அவன் பேரையே சொல்லிக் கூவினார். அவனும் மறுக்கவில்லை. பதினோரு வருடமாக அது எஸ்தாக்கி ஸ்டாப்.

இப்போது பஞ்சாயத்தில் போர்டு வைக்கப் போகிறார்கள். பெயிண்டில் எழுதிவிட்டால் பிறகு மாறாது.

என் பேரைப் போட்டு, குப்பாண்டி ஸ்டாப் என்று எழுதச் சொல்லி ஒரு மனு தயார் செய்தேன். குன்றின்மேல் குடியிருக்கும் சாமியாரிடம் கையெழுத்துக் கேட்டுப் போனேன். அவர் சொன்னால் தலைவர் தட்டமாட்டார்.

சாமி என்னைவிட இளையவர். முன்பு இங்கிலீஷ் வாத்தியார். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"வெள்ளைக்காரங்கள்ல பேக்கர்னு ஒரு குடும்பப் பேரு இருக்கு. தெரியுமாண்ணே?"

பேக்கரிதான் தெரியும் என்றேன்.

ரொட்டி சுடுகிறவன் என்று அர்த்தமாம். ஹில் என்றால் மேட்டோரம் குடியிருந்தவனாம். ஆக்ஸ்போர்டு என்பது மாடுகள் ஆற்றைக் கடந்த ஆழமில்லாத இடமாம்.

"அந்த இடத்தைக் கண்டுபிடிச்சவன் பேரு?" என்று கேட்டேன்.

"தெரியாது. பேரு மாட்டுக்குத்தான் கிடைச்சுது."

எஸ்தாக்கிக்கு அந்த மாடு எவ்வளவோ மேல் என்றேன். சாமி சிரித்தார்.

"சரி, பேக்கருக்கு அந்தப் பேரை வச்சது யாரு சாமி?"

"ரொட்டி வாங்கப் போனவங்க."

கதை போதும், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் போட்டார். பிறகு மனுவைத் திருப்பி, பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

"போர்டு கொண்டாரவங்க வெளியூர். எங்க நடணும்னு தெரியாது. வழி எழுதிடுங்கண்ணே."

நியாயம்தான். எழுத்துக் கூட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கூடலூர் பஸ்ஸில் ஏறவும். டீ பாக்டரி தாண்டி இரண்டாவது வளைவு. எஸ்தாக்கி ஸ்டாப்பில் இறங்க...

பேனா நின்றுவிட்டது.

சாமி தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இன்னும் எடுக்கவில்லை.

போர்டு வந்துவிட்டது. பச்சையில் வெள்ளை எழுத்து. தூரத்திலிருந்தே தெரிகிறது.

ஆனால் படி வெட்டியது குப்பாண்டி என்று எஸ்தாக்கி இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை அவன் சொல்லியாக வேண்டும்.